மண்ணீரலிலிருந்து சைட்டோமீட்டர் வரை: ஆய்வக எலிகளில் நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்து அடையாளம் காண்பது

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், "சுண்டெலி ஸ்பிளீனிலிருந்து டி செல் பிரித்து ஃப்ளோவில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று சூப்பர்வைசர் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போவார். ஸ்பிளீன் என்றால் மண்ணீரல், டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, ஃப்ளோ என்பது ஒளிரும் சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமீட்டர். கையில் ஓர் ஆங்கில புரோட்டோகால் இருக்கும். அதில் என்ன செய்யவேண்டும் என்று இருக்கும், ஏன் என்று இருக்காது. ஏன் என்று தெரியாவிட்டால் ஏதாவது ஒரு படி சறுக்கும்போது எங்கே திரும்பிப் பார்ப்பது என்றும் தெரியாது. அதற்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்களின் கவனமெல்லாம் எந்த ஆன்டிபாடி, எத்தனை நிறம், எந்த இயந்திரம் என்பதிலேயே போகிறது. (ஆன்டிபாடி என்பது செல்லின் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் போய்ப் பிடிக்கும் புரதம், அதில் கட்டிய ஒளிரும் நிறத்தை வைத்துத்தான் இயந்திரம் செல்லை அடையாளம் காண்கிறது.) ஆனால் தரவு நன்றாக வருமா என்பது எலி இறந்த பிறகான முதல் இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். செத்த செல் கண்ட ஆன்டிபாடியையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால் இயந்திரம் அதை ஒரே செல்லாக எண்ணி, இரண்டின் அடையாளமும் சேர்ந்த ஏதோ அபூர்வ செல் கிடைத்துவிட்டது போலக் காட்டும். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இதைச் சரிசெய்வது கடினம், ஐஸ் பெட்டியின் அருகே நிற்கும்போது சரிசெய்வது எளிது.

அனுமதி இல்லாமல் தொடக்கம் இல்லை

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்துகிறது. அதோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பம் ஒரே நாளில் முடிகிற காரியமில்லை, எனவே திட்டம் எழுதும்போதே அதையும் எழுதத் தொடங்குங்கள். எலியைக் கையாளும் பயிற்சி இல்லாமல் எலியைத் தொடாதீர்கள். எந்த முறையில் வலியில்லாமல் உயிர் நீக்குவது என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும், அதை மட்டுமே செய்யுங்கள், உயிர் போய்விட்டதா என்று இரண்டாவது முறை உறுதிசெய்த பிறகே கத்தரியை எடுங்கள்.

இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ஒரு சுண்டெலியின் மண்ணீரலில் சுமார் 80 முதல் 100 மில்லியன் செல்கள் இருக்கின்றன. பழகுவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பக்கத்து ஆய்வுக்குழு கல்லீரலுக்காகவோ மூளைக்காகவோ எலி எடுக்கிறது என்றால், மண்ணீரலைத் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது குப்பைப் பைக்குத்தான் போகிறது. ஓர் உயிர் போய்விட்டது, அதன் பயன் வீணாகக்கூடாது. கை பழகும் வரை உங்களுக்கென்று தனி எலி எடுக்காமல் இருக்க முடிந்தால் அதுதான் நல்ல தொடக்கம்.

எந்த செல்லுக்கு எந்த உறுப்பு

டி செல், பி செல் வேண்டுமென்றால் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் போதும். வளர்ந்துகொண்டிருக்கும் டி செல்களுக்கு, நெஞ்சுக்கூட்டில் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ். இளம் எலியில் அது வெள்ளையாகப் பெரிதாக இருக்கும், வயது கூடக்கூடச் சுருங்கும், மன அழுத்தத்திலும் சுருங்கும். அதனால்தான் வெளியிலிருந்து வந்த எலிகளை வந்த நாளே பயன்படுத்தாமல், ஒரு வாரமாவது விலங்குக் கூடத்தில் பழகவிட வேண்டும். நியூட்ரோபில், மோனோசைட் என்ற வெள்ளணு வகைகளுக்கு எலும்பு மஜ்ஜை நல்ல இடம். தொடை எலும்பு, கால் எலும்பு இரண்டின் நுனிகளையும் வெட்டி, மெல்லிய ஊசியால் பஃபரைப் பாய்ச்சினால் மஜ்ஜை வெளியே வந்துவிடும், எலும்பு சிவப்பிலிருந்து வெளுப்பாகும்போது நிறுத்தலாம். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கு வயிற்று உறையைக் குளிர்ந்த பிபிஎஸ் (செல்லைப் பாதிக்காத உப்புக் கரைசல்) கொண்டு கழுவி எடுக்கலாம், சுண்டெலிக்கு 5 மில்லி போதும்.

ஒரே எலியிலிருந்து பல உறுப்பு எடுப்பதாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் இதயத்திலிருந்து ரத்தம், தாமதித்தால் உறைந்துவிடும். 25 கிராம் எலியிலிருந்து ஒரு மில்லியை ஒட்டி எடுத்தாலே நல்ல கை. அப்புறம் வயிற்றுச் சுவரை வெட்டுவதற்கு முன்பே வயிற்றுக் கழுவல், வெட்டிவிட்டால் ஊற்றிய பிபிஎஸ் எல்லாம் வெளியே ஓடிவிடும். பிறகு மண்ணீரல், கணுக்கள், தைமஸ். எலும்பு கடைசியில், அது சற்றுக் காத்திருக்கும்.

இன்னொன்று, நாளின் எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் கணக்கு. ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் (டி செல், பி செல் போன்றவை) எண்ணிக்கை பகலுக்கும் இரவுக்கும் மாறுகிறது. கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையிலும் மருந்து கொடுத்த குழுவை மாலையிலும் எடுத்தால், நீங்கள் பார்க்கும் வித்தியாசம் மருந்தால் வந்ததா கடிகாரத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

ஐஸ் பெட்டியைச் சரியாகக் கட்டுங்கள்

நம் ஊர் வெயிலுக்கு இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். விலங்குக் கூடம் ஒரு கட்டடத்தில், லேப் வேறு கட்டடத்தில் என்றுதான் பல வளாகங்களில் இருக்கிறது. பினாங்கின் கெலுகோர் மேட்டில் நண்பகல் வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் மூடாத பெட்டியில் இருக்கும் குழாய் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். மூடியுள்ள ஸ்டைரோஃபோம் பெட்டி, நொறுக்கிய ஐஸ், அதில் கொஞ்சம் தண்ணீர். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்கும், தண்ணீர் சேர்ந்தால்தான் குளிர் குழாயை முழுதாகத் தொடும். குழாய்களைத் தாங்கியில் நிறுத்தி வையுங்கள், மிதக்கவிட்டால் மூடி வழியே தண்ணீர் போகும்.

பஃபர் எளிமையானது: பிபிஎஸ், அதில் 2 சதவீதம் கன்றுச் சீரம், 2 மில்லிமோலார் இடிடிஏ. சீரம் செல்லைக் காப்பாற்றும், இடிடிஏ செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். வளர்ப்புக்குப் போகும் செல்களாக இருந்தால் சோடியம் அஸைடு சேர்க்கவே கூடாது, அது செல்லின் மூச்சை அடைத்துவிடும்.

மண்ணீரலைச் செல் கரைசலாக்குவது

எலியின் உடலில் 70 சதவீத ஆல்கஹால் தெளித்து முடியை நனைத்துவிடுங்கள், பறக்கும் முடி எல்லாவற்றிலும் போய் ஒட்டும். இடப்பக்கம், இரைப்பைக்குக் கீழே, நீளமாகக் கருஞ்சிவப்பாக இருப்பதுதான் மண்ணீரல். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வெளிர் திசு கணையம். அதைக் கவனமாக வெட்டி நீக்குங்கள், கணையத்தின் நொதிகள் உங்கள் செல்களைத் தின்னும். கொழுப்பையும் நீக்குங்கள்.

70 மைக்ரான் வடிகட்டியை 50 மில்லி குழாயின் மேல் வைத்து, மண்ணீரலை அதில் போட்டு, சிரிஞ்சின் உள்தண்டின் ரப்பர் முனையால் மெதுவாக அழுத்தித் தேய்த்து, இடையிடையே குளிர்ந்த பஃபர் ஊற்றிக் கழுவுங்கள். அம்மியில் அரைப்பதுபோல் அழுத்தி அரைக்காதீர்கள். உறையும் நார்த்திசுவும் வலையில் வெள்ளையாகத் தங்கினால் போதும், அதையும் கரைத்துவிட வேண்டும் என்று முயல்பவர்கள்தான் செல்களைக் கொல்கிறார்கள். பிறகு 300 முதல் 400 ஜி வேகத்தில் 5 நிமிடம், 4 டிகிரியில் சுழற்றுங்கள். ஜி என்பதும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் ஒன்றல்ல, உங்கள் சென்ட்ரிஃபியூஜின் ரோட்டர் அளவைப் பொறுத்து மாறும், எனவே புரோட்டோகாலில் உள்ள சுற்று எண்ணை அப்படியே போடாதீர்கள்.

அடியில் சிவப்பாகத் தங்கியிருப்பதில் பெரும்பகுதி சிவப்பணு. அதை உடைக்கத்தான் ஏசிகே பஃபர்: 150 மில்லிமோலார் அமோனியம் குளோரைடு, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பைகார்பனேட், 0.1 மில்லிமோலார் இடிடிஏ. அமோனியம் குளோரைடு உள்ளே புகுந்ததும் சிவப்பணு தண்ணீரை இழுத்து வீங்கி வெடிக்கும். வெள்ளணு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு மண்ணீரலுக்கு 1 அல்லது 2 மில்லி, அறை வெப்பத்தில் 2 முதல் 3 நிமிடம், உடனே 10 மில்லி பஃபர் ஊற்றி நிறுத்துங்கள். டைமர் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். சுழற்றிய பிறகு அடியில் வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. இளஞ்சிவப்பை வெள்ளையாக்க இரண்டாவது முறை ஏசிகே ஊற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிணநீர்க் கணுவுக்கும் தைமஸுக்கும் இந்தப் படியே தேவையில்லை.

கரைசலில் நூல் நூலாக, பிசுபிசுப்பாக ஏதாவது தெரிந்தால் அது உடைந்த செல்லிலிருந்து கொட்டிய டிஎன்ஏ. பிப்பெட்டால் அடித்து அடித்து அதைப் பிரிக்கப் பார்க்காதீர்கள், இன்னும் செல்கள் உடைந்து இன்னும் அதிகமாகும். 40 மைக்ரான் வடிகட்டியில் ஒருமுறை ஊற்றி எடுத்துவிடுங்கள்.

இப்படி அழுத்தி எடுப்பது லிம்ஃபோசைட்டுக்குப் போதும். டென்ட்ரிட்டிக் செல்லும் திசு மேக்ரோஃபேஜும் நாரைப் பிடித்துக்கொண்டு இருப்பவை, கெஞ்சினால்தான் வரும். ரால்ஃப் ஸ்டெய்ன்மனும் ஸான்வில் கோனும் 1973-இல் சுண்டெலி மண்ணீரலில் டென்ட்ரிட்டிக் செல்லை முதலில் விவரித்தபோது, இவ்வளவு குறைவாக இருக்கும் ஒரு செல்லுக்கு என்ன முக்கியத்துவம் என்று பலர் நம்பவே இல்லை. 2011-இல் ஸ்டெய்ன்மனுக்கு நோபெல் பரிசு அதற்காகத்தான் வந்தது. அந்தச் செல்களுக்கு மண்ணீரலைச் சிறு துண்டுகளாக்கி, கொலாஜினேஸும் டிஎன்ஏஸும் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் வைக்கவேண்டும். கொலாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் தேவை, எனவே அந்த நேரத்தில் இடிடிஏ கூடாது, முடிந்த பிறகு அதே இடிடிஏவைச் சேர்த்துத்தான் நொதியை நிறுத்துகிறோம். சில நொதிகள் செல்லின் மேலுள்ள சில அடையாளப் புரதங்களையும் வெட்டிவிடும். அதனால் புதிய நொதி ஒன்றைத் தொடங்கும்போது, ஒரே மண்ணீரலைப் பாதியாக்கி ஒரு பாதிக்கு நொதி போட்டும் மறுபாதிக்குப் போடாமலும் சாயமிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணுங்கள், கண்ணால் பாருங்கள்

தானியங்கி எண்ணும் கருவி இருந்தாலும் தொடக்கத்தில் ஹீமோசைட்டோமீட்டரில் நீங்களே எண்ணுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போதுதான் கொத்துக் கொத்தாக இருக்கிறதா, சிவப்பணு மிச்சமா, எவ்வளவு நீலம் என்பதெல்லாம் தெரியும். டிரைபன் புளூ உயிருள்ள செல்லுக்குள் போகாது, செத்தது நீலமாகும். ஒரு மூலைக் கட்டத்தில் சராசரியாக 40 செல், 20 மடங்கு நீர்த்திருக்கிறீர்கள் என்றால், 40 × 20 × 10,000, அதாவது மில்லிக்கு 8 மில்லியன். மொத்தம் 10 மில்லி இருந்தால் 80 மில்லியன். மண்ணீரல் செல்களில் உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மேற்கொண்டு ஆன்டிபாடியைச் செலவழிப்பதற்கு முன் நின்று யோசியுங்கள்: ஏசிகேவில் அதிக நேரமா, ஐஸ் கரைந்ததா, அழுத்தித் தேய்த்தீர்களா?

சாயமிடுவது

ஒரு குழாய்க்கு ஒரு மில்லியன் செல், 100 மைக்ரோலிட்டர். உயிர்-இறப்புச் சாயத்தில் அமைன்களோடு பிணையும் வகையைப் பயன்படுத்துவதானால் அதை முதலில், சீரம் இல்லாத வெறும் பிபிஎஸ்ஸில் போடவேண்டும், இல்லாவிட்டால் சாயமெல்லாம் சீரம் புரதத்தோடு போய்விடும். அடுத்து எஃப்சி பிளாக். மேக்ரோஃபேஜ், பி செல் போன்றவற்றின் மேல் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு, அவை நீங்கள் போடும் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். சுண்டெலிக்கு 2.4ஜி2 என்ற குளோன் (ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியின் அடையாளப் பெயர்), 5 முதல் 10 நிமிடம். அப்புறம் ஆன்டிபாடிக் கலவை, இருட்டில், 4 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம், இரண்டு முறை கழுவல்.

ஆன்டிபாடி அளவைப் பாட்டிலில் சொன்னபடி போடாமல் நீங்களே சோதித்துக் கண்டுபிடியுங்கள். பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், சாயம் ஏற்கும் செல்லுக்கும் ஏற்காத செல்லுக்கும் இடையே இடைவெளி நன்றாக இருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள், அதிகம் ஒளிர்வதை அல்ல. நமக்கு இவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும், ரிங்கிட்டில் பார்த்தால் மனம் கனக்கும், எனவே இந்தச் சோதனைக்குச் செலவாகும் ஒரு நாள் பல மாதங்களுக்குக் காசு மிச்சப்படுத்தும். சீனப் புத்தாண்டு, தைப்பூசம், தீபாவளி விடுமுறைகளை ஒட்டி வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள், குளிர்ப்பெட்டி சுங்கக் கிடங்கிலேயே கிடந்துவிடும். வந்ததும் 4 டிகிரியில் வையுங்கள். ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடியை உறையவைக்கக்கூடாது.

யார் எந்த செல்

கீழே வரும் சிடி எண்களும் அவை போன்ற பெயர்களும் செல்லின் அடையாளப் புரதங்கள். வெள்ளணு எல்லாவற்றுக்கும் சிடி45. டி செல்லுக்கு சிடி3, அதற்குள் சிடி4, சிடி8. பி செல்லுக்கு சிடி19. பி220-ஐயும் பயன்படுத்துவார்கள், ஆனால் அது பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்லின் மேலும் இருக்கும். இதுவரை எளிது. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

நோயுற்ற செல்லைக் கொல்லும் என்கே செல்லுக்கு என்கே1.1 என்று எல்லாப் புரோட்டோகாலும் சொல்லும். அது சி57பிஎல்/6 வகைச் சுண்டெலியில் வேலை செய்யும், பால்ப்/சி எலியில் அந்த ஆன்டிபாடி பிடிக்கவே பிடிக்காது. பால்ப்/சி வைத்திருப்பவர்கள் என்கேபி46 அல்லது சிடி49பி பயன்படுத்தவேண்டும். எலியின் வகையைக் கேட்காமல் ஆன்டிபாடியைக் கடன் வாங்காதீர்கள். அதேபோல ஜிஆர்-1 என்று பழைய கட்டுரைகளில் வருவது ஆர்பி6-8சி5 என்ற குளோன், அது லை6ஜி, லை6சி இரண்டையும் பிடிக்கும், அதாவது நியூட்ரோபிலையும் மோனோசைட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். நியூட்ரோபில் மட்டும் வேண்டுமென்றால் சிடி11பி-யோடு 1ஏ8 குளோன் லை6ஜி. அழற்சி மோனோசைட்டுக்கு சிடி11பி இருக்கவேண்டும், லை6ஜி இருக்கக்கூடாது, லை6சி மிக அதிகம் இருக்கவேண்டும்.

மேக்ரோஃபேஜுக்கு எஃப்4/80 என்று சொல்வார்கள், ஈயோசினோபிலும் அதைக் காட்டும். டென்ட்ரிட்டிக் செல்லுக்கு சிடி11சி என்பார்கள், நுரையீரல் காற்றறை மேக்ரோஃபேஜும் அதைக் காட்டும். அதே மேக்ரோஃபேஜ், ஈயோசினோபிலின் அடையாளம் என்று நினைக்கும் சிக்லெக்-எஃப்-ஐயும் காட்டும். ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எந்த செல்லுக்கும் பெயர் வைக்காதீர்கள். எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் கேளுங்கள், எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒழுங்குபடுத்தும் டி செல் இதற்கு நல்ல பாடம். ஷிமோன் சகாகுச்சி 1995-இல் சுண்டெலியில் சிடி25-ஐ வைத்து இவற்றை அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் அவருக்கு 2025-இன் மருத்துவ நோபெல் கிடைத்தது. ஆனால் சிடி25 தூண்டப்பட்ட சாதாரண டி செல்லிலும் தோன்றும். உறுதியான அடையாளம் ஃபாக்ஸ்பி3, அது செல்லின் உட்கருவுக்குள் இருப்பதால் செல்லை நிலைப்படுத்தித் துளைத்துத்தான் சாயமிட முடியும், அதாவது செல் செத்துவிடும். உயிரோடு பிரிக்கவேண்டுமென்றால் சிடி4, சிடி25 இரண்டையும் வைத்துப் பிரித்து, அதில் ஒரு சிறு பகுதியை ஃபாக்ஸ்பி3-க்குச் சோதிக்கவேண்டும். அல்லது ஃபாக்ஸ்பி3 உள்ள செல் பச்சையாக ஒளிரும்படி மாற்றிய எலி வேண்டும்.

இயந்திரத்தில் வரிசை இப்படி: முதலில் அளவும் உள்ளமைப்பும் பார்த்துக் குப்பையை நீக்குங்கள், பிறகு ஒற்றைச் செல்களை மட்டும், பிறகு உயிருள்ளவற்றை மட்டும், பிறகு சிடி45, அதற்குப் பிறகே மற்றவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குழாய் ஒன்று காம்பென்சேஷனுக்கு, அதாவது ஒரு நிறம் இன்னொன்றில் கசிவதைச் சரிசெய்ய. ஒரு நிறம் மட்டும் குறைத்த எஃப்எம்ஓ குழாய், அடையாளம் உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் பிரிக்கும் கோடு எங்கே போடுவது என்று முடிவுசெய்ய. கோடு போட ஐசோடைப் கட்டுப்பாட்டை, அதாவது அந்த அடையாளத்தைப் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடி போட்ட குழாயை, நம்பி உட்காரவேண்டாம்.

வந்த எண்கள் இயல்பானவையா என்று பாருங்கள். ஆரோக்கியமான சுண்டெலி மண்ணீரலில் பி செல் ஏறக்குறைய பாதி இருக்கும், சிடி4 சிடி8-ஐவிட அதிகம். ரத்தத்தில் மனிதருக்கு நியூட்ரோபில்தான் அதிகம், சுண்டெலிக்கு லிம்ஃபோசைட் அதிகம். ஒன்றும் செய்யாத எலியின் மண்ணீரலில் பி செல் 5 சதவீதம் என்று வந்தால், புதுக் கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

பிரித்தெடுப்பது

வளர்ப்புக்கோ ஆர்என்ஏவுக்கோ செல்களைத் தனியாக எடுக்க இரண்டு வழி. காந்த மணி முறையில் வேண்டாதவற்றின் மேல் மணியைக் கட்டி நிறுத்திவிட்டு வேண்டியதைத் தொடாமல் விடலாம், அல்லது வேண்டியதன் மேலேயே கட்டிப் பிடிக்கலாம். செல்லின் வேலையைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் முறைதான் என் தேர்வு, ஏற்பியின் மேல் ஆன்டிபாடி உட்கார்ந்த டி செல் ஏற்கெனவே ஒரு சமிக்ஞை வாங்கியிருக்கலாம். காந்தத்தில் பொருத்திய குழல் (நெடுவரிசை, அதாவது காலம்) வழியே செல்களை ஓடவிடும் முறையில் பஃபரில் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது, நெடுவரிசை காயக்கூடாது, செல்களை ஊற்றுவதற்கு முன் மறுபடி வடிகட்டுங்கள். ஒரு மண்ணீரலிலிருந்து சிடி4 செல் 10 மில்லியனுக்குச் சற்று மேல் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

அபூர்வமான செல், அல்லது நான்கைந்து அடையாளம் சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்ற செல்லுக்கு சார்ட்டர், அதாவது செல்களை அடையாளம் கண்டு பிரித்தும் தரும் சைட்டோமீட்டர் வேண்டும். பெரிய, மென்மையான செல்களுக்கு 100 மைக்ரான் நாசில் (துளைமுனை) கேளுங்கள், சேகரிக்கும் குழாயின் உட்சுவரைச் சீரத்தால் நனைத்துவையுங்கள். வெள்ளிக்கிழமை முன்பதிவு செய்பவர்கள் தொழுகை இடைவேளையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இயக்குபவர் இருக்கமாட்டார், சாயமிட்ட செல்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. எந்த முறையானாலும் பிரித்ததில் கொஞ்சத்தை மறுபடி ஓட்டித் தூய்மையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். கூடவே சதவீதத்தோடு மொத்த எண்ணிக்கையையும் எழுதுங்கள். பி செல் பெருகினால், டி செல் ஒன்றுகூடக் குறையாமலே அதன் சதவீதம் குறையும்.

ஸ்ப்ரேக் டாலி, விஸ்டார் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னது பெரும்பாலும் சுண்டெலிக்கு. ஸ்ப்ரேக் டாலி, விஸ்டார் போன்ற பெரிய எலி (ஆங்கிலத்தில் ராட்) வகைகளுக்கு அந்த ஆன்டிபாடிகளை அப்படியே போடமுடியாது. சுண்டெலிக்கான ஆன்டிபாடிகள் பலவும் பெரிய எலியின் உடலில் உருவாக்கப்பட்டவை, பெரிய எலிக்கானவை சுண்டெலியில் உருவாக்கப்பட்டவை. கேட்டலாக்கில் எது எதற்கு எதிரானது என்று பார்த்து வாங்குங்கள். சிடி45-க்கு ஓஎக்ஸ்-1, சிடி3-க்கு ஜி4.18, சிடி4-க்கு டபிள்யூ3/25 அல்லது ஓஎக்ஸ்-35, சிடி8-க்கு ஓஎக்ஸ்-8, பி செல்லுக்கு சிடி45ஆர்ஏ அதாவது ஓஎக்ஸ்-33, என்கே செல்லுக்கு சிடி161. சாயம் நேரடியாகச் சேர்த்ததையே வாங்குங்கள், இரண்டாவது ஆன்டிபாடி போட்டால் அது எலியின் சொந்த பி செல்மேல் இருக்கும் ஆன்டிபாடியையும் பிடிக்க வாய்ப்புண்டு. ரத்த செல்களை அடர்த்தித் திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றிப் பிரிப்பதானால் மனித ரத்தத்துக்கான 1.077 (மில்லிக்கு இத்தனை கிராம்) அடர்த்தி வேண்டாம், பெரிய எலிக்கும் சுண்டெலிக்கும் 1.083 அல்லது 1.084 என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமாக, பெரிய எலியில் மோனோசைட்டும் மேக்ரோஃபேஜும்கூட சிடி4 காட்டும், என்கே செல் சிடி8 காட்டும். சுண்டெலியில் பழகிய கையோடு சிடி4-க்கும் சிடி8-க்கும் நேராகக் கோடு போட்டால் டி செல் அல்லாதவையும் கணக்கில் வந்துவிடும். முதலில் சிடி3 உள்ளவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு, அதற்குள் சிடி4-ஐயும் சிடி8-ஐயும் பாருங்கள்.